வசந்தா: ஒரு பெண் பெயர் எங்கிருந்து வந்தது, எப்படிப் பரவியது?

பெண் குழந்தைக்கு ‘வ’வில் தொடங்கும் பெயர் தேடினால், எந்தப் பட்டியலைத் திறந்தாலும் வசந்தா, வசந்தி, வாசந்தி மூன்றும் வந்துவிடும். குழப்புவது எதிரே இருக்கும் விளக்கம்தான். ஒன்றில் ‘இளவேனில்’ என்று இருக்கும், இன்னொன்றில் ‘ஒரு ராகம்’. வேறு பட்டியல்களில் ‘மஞ்சள் நிறம்’, ‘ஒரு பூங்கொடி’, ‘துர்க்கை’. தூய தமிழ்ப் பெயர் என்று ஒருவர் சேர்த்திருப்பார். வடமொழி, தவிர்க்கவும் என்று இன்னொருவர் குறித்திருப்பார். சிலர் ஆயிரம் ஆண்டுப் பழமை உள்ள பெயர் என்பார்கள், சிலர் அறுபது எழுபது வருஷத்துப் பெயர்தான் என்பார்கள்.

‘தூய தமிழ்’ என்பதைத் தவிர இவற்றில் எதுவும் அப்பட்டமான பொய் இல்லை. ஒரு பெயருக்கு மூன்று வயது உண்டு என்பதை மறப்பதால்தான் சிக்கல் வருகிறது. அந்தச் சொல் பிறந்து எவ்வளவு காலம் ஆகிறது என்பது ஒரு கணக்கு. அது நம் மொழிக்குள் ஒரு ஆளின் பெயராக நுழைந்தது எப்போது என்பது அடுத்த கணக்கு. சாதாரண வீடுகளில் பிள்ளைக்கு வைக்கும் பெயராகப் பரவியது எப்போது என்பது மூன்றாவது. வசந்தா விஷயத்தில் இந்த மூன்றுக்கும் இடையே பல நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது. வரிசையாகப் பார்ப்போம்.

## சொல் எங்கிருந்து வந்தது?

வசந்தம் வடமொழிச் சொல். வடமொழி மரபு ஆண்டை ஆறு பருவமாகப் பிரிக்கிறது: வசந்தம், கிரீஷ்மம், வர்ஷம், சரத், ஹேமந்தம், சிசிரம். தமிழிலும் ஆறு பெரும்பொழுது உண்டு: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வசந்தத்துக்கு நேராக வருவது இளவேனில், அதாவது சித்திரையும் வைகாசியும்.

இந்தச் சொல்லின் உறவு இந்தியாவோடு முடியவில்லை. இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் வசந்தகாலத்தைக் குறிக்கும் பல சொற்கள் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஸ்லாவிய மொழிகளின் ‘வெஸ்னா’, பாரசீகத்தின் ‘பஹார்’, லத்தீனின் ‘வேர்’, கிரேக்கத்தின் ‘எயர்’ எல்லாம் வசந்தத்தின் உறவுகள். இவற்றில் இரண்டு பெண் பெயராகவும் ஆகியிருக்கின்றன. செர்பியா, குரோவேஷியா, ஸ்லோவேனியாவில் வெஸ்னா வழக்கமான பெயர். 1972-ல் விமானம் வானில் வெடித்துச் சிதறியபோது 10 கிலோமீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து விழுந்தும் உயிர் பிழைத்த யூகோஸ்லாவிய விமானப் பணிப்பெண் வெஸ்னா வுலோவிச்சின் பெயர் அதுதான். ஈரானிலும் துருக்கியிலும் பெண்களுக்கு பஹார் என்று பெயர் வைக்கிறார்கள். ஆக, வசந்தா, வெஸ்னா, பஹார் மூவரும் பெயரளவில் ஒரே குடும்பம்.

வடஇந்தியாவில் ‘வ’ பல இடங்களில் ‘ப’ ஆகும். பசந்த், பசந்தி, வங்காளத்து பாசந்தி எல்லாம் அப்படி வந்தவை. வங்காளத்தில் சித்திரை வாக்கில் நடக்கும் துர்க்கை வழிபாட்டுக்கு வசந்தகாலத்து பூஜை என்ற பொருளில் பாசந்தி பூஜை என்று பெயர். ‘துர்க்கையின் பெயர்’ என்ற விளக்கம் இங்கிருந்து வருகிறது. கடுகுப் பூ வயல்களின் நிறத்தை இந்தியில் பசந்தி என்பார்கள். ‘மஞ்சள்’ அங்கிருந்து வந்தது. விடுதலைப் போராட்டத் தலைவர் தேசபந்து சித்தரஞ்சன் தாஸின் மனைவி பாசந்தி தேவி (1880–1974), கதர்த்துணி விற்றதற்காக 1921-ல் கைதானவர். நம் ஊரில் பிறந்திருந்தால் வாசந்தி என்றே அழைத்திருப்பார்கள்.

## ஆண்பால் சொல், பெண் பெயரானது எப்படி?

வடமொழியில் வசந்தம் ஆண்பால் என்பது பலர் கவனிக்காத விஷயம். புராணத்தில் வசந்தன் ஒரு ஆண். காமனின் தோழன். சிவனின் தவத்தைக் கலைக்கக் காமன் போகும்போது கூடப்போய், பருவம் வருமுன்பே காட்டைப் பூக்கவைப்பவன். அதனால் நேரடியாகப் பார்த்தால் இது ஆண் பெயர். வசந்தன், வசந்த், வசந்தகுமார் எல்லாம் அந்த வழி. உதயணன் கதையைச் சொல்லும் பெருங்கதையில் அவன் தோழர்களில் ஒருவன் வயந்தகன். கிழக்கிலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் ஆடுகிற, கோலாட்டம் போன்ற கூத்துக்கு வசந்தன் கூத்து என்று பெயர்.

இதைப் பெண் பெயராக்கப் பல வழிகள் இருந்தன.

1. வாசந்தி. இலக்கணப்படி கச்சிதமான பெண்பால் வடிவம் இது. ‘வசந்தத்தைச் சேர்ந்தவள்’ என்று பொருள். முதல் எழுத்து நீள்வது இந்தப் பொருளைக் காட்டத்தான். பவபூதியின் உத்தரராமசரிதத்தில் சீதையின் தோழியாக வரும் வனதேவதைக்கு வாசந்தி என்றே பெயர். வடமொழி அகராதியான அமரகோசம், வாசந்தி, மாதவி இரண்டையும் ஒரே கொடியின் பெயர்களாகச் சொல்கிறது. நம் குருக்கத்திதான் அது. ‘பூங்கொடி’ என்ற விளக்கம் வாசந்திக்குத்தான் பொருந்தும், வசந்தாவுக்கு அல்ல. தமிழ் வாசகர்களுக்கு எழுத்தாளர் வாஸந்தி வழியாகப் பழகிய வடிவம் இது.

2. வசந்தி. வாசந்தியின் நெடில் குறிலானது. சாந்தி, ஜெயந்தி, மாலதி வரிசையில் நாவுக்கு எளிதாக வந்து உட்கார்ந்துவிட்டது.

3. வசந்தா. சொல்லின் கடைசியை மட்டும் ‘ஆ’ என்று நீட்டியது. கமலா, விமலா, சரோஜா போல. தமிழ்க் காது ‘ஆ’ என்று முடிந்தால் பெண் என்று எடுத்துக்கொள்ளும். வேறு எதுவும் தேவைப்படவில்லை.

4. கூட்டுப் பெயர்கள். வசந்தமாலை, வசந்தசேனா, வசந்தகுமாரி, வசந்தகோகிலம். ஆண்பால் சொல்லை முன்னால் வைத்துப் பெண்பால் சொல்லைப் பின்னால் ஒட்டுவது. இந்த நான்கில் மிகப் பழைய வழி இதுதான். தமிழில் இந்தப் பெயர் முதலில் தலைகாட்டியதும் இந்த வழியில்தான்.

## தமிழ் இலக்கியத்தின் முதல் ‘வசந்தா’

சிலப்பதிகாரத்தில் மாதவியின் தோழி பெயர் வசந்தமாலை. வயந்தமாலை என்றும் எழுதப்படுகிறது. மணிமேகலையிலும் இவளே வருகிறாள். சிலப்பதிகாரத்தின் காலத்தை 2-ஆம் நூற்றாண்டு முதல் 6-ஆம் நூற்றாண்டு வரை ஆய்வாளர்கள் பலவாறாகச் சொல்வார்கள். எப்படிப் பார்த்தாலும் வசந்தம் என்ற சொல் தமிழ்ப் பெண் பாத்திரத்தின் பெயரில் இருப்பது 1,400 ஆண்டுக்குக் குறையாத சங்கதி.

அவள் வருகிற இடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். கடற்கரையில் பாட்டால் வந்த ஊடலில் கோவலன் பிரிந்து போகிறான். மாதவி தன் வீட்டின் மேல்மாடத்தில் உள்ள வேனிற்பள்ளிக்கு (வேனில்கால அறைக்கு) ஏறுகிறாள். காமனின் துணையான இளவேனில் வந்துவிட்டதென்று காப்பியத்தின் அந்தப் பகுதி (காதை) அறிவிக்கிறது. அவள் கடிதம் எழுதுகிறாள். ஓலைக்குப் பதில் தாழையின் வெண்மடல், எழுத்தாணிக்குப் பதில் பித்திகை மொட்டு, மைக்குப் பதில் செம்பஞ்சுக் குழம்பு. கடிதத்தில் அவள் குறைசொல்வது யாரை? இளவேனிலைத்தான். இளவேனில் ஒரு இளவரசன், முதிர்ச்சியில்லாதவன். நிலவும் நடுநிலை உள்ளவன் அல்லன், ஆகவே பிரிந்தவர்களை இவர்கள் வாட்டுவதில் வியப்பில்லை என்று எழுதி, மாலையோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறாள். எடுத்துக்கொண்டு போகிறவள் வசந்தமாலை. கோவலன் வாங்க மறுக்கிறான்.

இதில் பெயர் தேர்வு தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. வேதகால வழக்கில் வசந்தத்தின் இரு மாதங்களுக்கு மது, மாதவம் என்று பெயர். மாதவி என்ற பெயரும் அந்தச் சொற்குடும்பத்தைச் சேர்ந்ததே. எழுதியவள் பெயரிலும் வசந்தம், கொண்டுபோனவள் பெயரிலும் வசந்தம், குற்றம் சாட்டப்பட்டதும் வசந்தம். பிறகு காடுகாண் காதையில் கானுறை தெய்வம் கோவலனை மயக்கிப் பார்க்க எந்த வடிவில் வருகிறது தெரியுமா? வயந்தமாலை வடிவில். வசந்தம் என்றால் மயக்கம், காமம், பிரிவின் வாதை என்று காப்பியம் முழுக்க ஒரே பொருளில்தான் ஓடுகிறது.

வடமொழி நாடகத்தின் பக்கம் போனாலும் இதே கதை. சூத்ரகரின் மிருச்சகடிகத்தில் உஜ்ஜயினியின் கணிகை வசந்தசேனா. மண் வண்டி வேண்டாம், பொன் வண்டிதான் வேண்டும் என்று அழுகிற, தன் காதலன் சாருதத்தனின் மகனுக்குத் தன் நகைகளைக் கழற்றி அந்த மண் வண்டியை நிரப்பிக் கொடுப்பவள். வனதேவதை வாசந்தியை விட்டுவிட்டால், பழைய இலக்கியத்தில் வசந்தத்தைப் பெயரில் சுமந்த பெண்களில் நமக்கு நன்றாகத் தெரிந்தவர்கள் ஆடல், பாடல், கணிகையர் உலகத்தவர்கள். காமனின் தோழன் பெயர் அந்த உலகத்துக்குப் பொருத்தமாக இருந்தது. குடும்பப் பெண்ணுக்கு அப்போது இது இயல்பான பெயர் அல்ல. கண்ணகி வீட்டில் யாருக்கும் வசந்தம் என்று பெயர் இல்லை.

அதே பெயர் 20-ஆம் நூற்றாண்டில் பள்ளி ஆசிரியையின் பெயராக, ரேஷன் அட்டைப் பெயராக, பக்கத்து வீட்டு அக்காவின் பெயராக ஆகிவிட்டது. பெயரின் வரலாற்றில் என்னைப் பெரிதும் ஈர்ப்பது இந்தத் திருப்பம்தான். அது எப்படி நடந்தது என்று பார்க்கும் முன் இடையில் ஒரு கேள்வி நிற்கிறது.

## தமிழ்நாட்டில் வசந்தகாலம் உண்டா?

சித்திரை 21 முதல் வைகாசி நடு வரை கத்திரி வெயில். நாட்காட்டிப்படி இதே நாட்கள் இளவேனில். கத்திரியில் வியர்த்து நிற்கிறவரிடம் இதுதான் வசந்தம் என்றால் நம்பமாட்டார். பனி விலகி மரம் துளிர்க்கும் குளிர்நாட்டு வசந்தம் நமக்குக் கிடையாது. அப்படியானால் பெயர் வெறும் இரவலா?

இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, நாட்காட்டி நகர்ந்திருக்கிறது. நம் மாதங்கள் விண்மீன் பின்னணியை வைத்துக் கணக்கிடப்படுபவை. பகலும் இரவும் சமமாக இருக்கும் நாள் அந்தப் பின்னணியில் மெல்லப் பின்னால் நகர்கிறது, ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு நாள். இன்று சமநாள் மார்ச் 20 அல்லது 21-ல் வருகிறது, சித்திரை 1 ஏப்ரல் 14-ல். இடைவெளி 24 நாள். கணக்கைப் பின்னோக்கி ஓட்டினால் சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளை ஒட்டி வந்திருக்கும். அதாவது காப்பியக் காலத்துச் சித்திரை, பருவத்தின்படி இன்றைய பங்குனி 7, 8 தேதிக்கே தொடங்கியது. மா பூத்து, வேம்பு பூவெடுத்து, முருக்க மரம் இலையின்றிச் சிவந்து நிற்க, குயில் கூவத் தொடங்குகிற சமயம். அதை இளவேனில் என்று சொன்னவர்கள் தவறாகச் சொல்லவில்லை.

இரண்டு, தமிழ் மரபில் இந்தப் பருவத்தின் இன்பம் குளிர்ச்சியை உண்டாக்கிக்கொள்வதில் இருக்கிறது. கோவில்களின் வசந்த உற்சவத்தைப் பாருங்கள். சுவாமியை வெயில் காலத்தில் நிழலும் நீரும் உள்ள மண்டபத்தில் எழுந்தருளச் செய்வதுதான் விழாவின் சாரம். மதுரையில் 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்துக்கு வசந்த மண்டபம் என்றும் பெயர். மீனாட்சி கோவிலின் வைகாசி வசந்த உற்சவத்துக்காக எழுந்தது அது. ஊருக்கு ஊர் கோவில்களில் வசந்த மண்டபம் இருப்பதால், சொல் ஓலைச்சுவடியைத் தாண்டி மக்கள் வாயிலும் புழங்கிக்கொண்டே இருந்தது. காமனின் தோழனாக இருந்த வசந்தம் இப்படித்தான் சுவாமிக்குரிய விழாவாகவும் ஆனது. கணிகையர் உலகப் பெயர் மங்கலப் பெயராக மாற இந்த வழி உதவியிருக்கும் என்பது என் கணிப்பு.

இசையும் கைகொடுத்தது. கர்நாடக இசையில் வசந்தா மாலையில் பாடும் ராகம், மங்கலமானது என்று பெயர் பெற்றது. 17-ஆவது மேளமான (தாய் ராகமான) சூரியகாந்தத்தின் ஜன்யம், அதாவது அதிலிருந்து பிறந்த ராகம் என்பது பெருவழக்கு. இசைப்பற்றுள்ள வீடுகளில் கல்யாணி, பைரவி, ரஞ்சனி என்று வைப்பது போல வசந்தாவும் வைத்தார்கள். பட்டியல்களின் ‘ராகம்’ விளக்கம் இதுதான்.

## வீட்டுப் பெயரானது எப்போது, ஏன்?

பழைய தலைமுறைப் பெண்களின் பெயர்களைக் கேட்டிருப்பீர்கள்: மாரியம்மாள், காமாட்சி, பொன்னம்மாள், மீனாட்சி, செல்லம்மாள். குலதெய்வம், ஊர்த் தெய்வம், பாட்டி பெயர் என்ற மூன்று கிணற்றிலிருந்தே பெயர் இறைத்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இது மாறத் தொடங்கியது. 1930-களிலிருந்து 1960-கள் வரை பிறந்தவர்களிடையே வசந்தாக்களைத் தடுக்கி விழலாம். வசந்தி இன்னும் ஒரு பத்து, பதினைந்து ஆண்டு கூடுதலாக நீடித்தது. காரணங்கள் ஒன்றோடொன்று பின்னியவை.

1. பள்ளிக்கூடப் பெயர். பெண்கள் பள்ளிக்குப் போகத் தொடங்கியபோது, வருகைப் பதிவேட்டில் ‘நாகரிகமாக’ ஒலிக்கும் பெயர் வேண்டும் என்ற ஆசை வந்தது. ‘அம்மாள்’ உதிர்ந்தது. மூன்றெழுத்து, நான்கெழுத்தில் ‘ஆ’ அல்லது ‘இ’ என்று முடியும் பெயர்கள் வந்தன: கமலா, சரோஜா, விமலா, வசந்தா, சாந்தி, வசந்தி.

2. பத்திரிகை, வானொலி, சினிமா. தொடர்கதை நாயகிகளும் திரைக் கதாநாயகிகளும் இந்த ஓசையுள்ள பெயர்களையே சூடினார்கள். பாடகி எம். எல். வசந்தகுமாரி (1928–1990) கச்சேரி மேடையிலும் திரைப்பாட்டிலும் ஒருசேரக் கொடிகட்டிப் பறந்தவர். 1967-ல் பத்மபூஷண், 1977-ல் சங்கீத கலாநிதி. தமிழ்நாடு முழுக்க ஒலிபெருக்கியில் கேட்ட பெயர். ஒரு புகழ்பெற்ற ஆள் ஒரு பெயரைச் சுமக்கும்போது அந்தப் பெயருக்கு வரும் மதிப்பு சாதாரணமானதில்லை.

3. சாதியும் மதமும் தெரியாத பெயர். இதைத்தான் நான் முக்கியமான காரணமாக நினைக்கிறேன். மாரியம்மாள் என்றால் ஒரு தெய்வம் தெரியும், ஒரு சமூகத்தை ஊகிப்பார்கள். வசந்தா என்றால் எதுவும் தெரியாது. பருவம் எல்லாருக்கும் பொது. அதனால் எல்லாச் சமூகத்தாரும் வைத்தார்கள். கிறித்தவக் குடும்பங்களிலும் வசந்தா, வசந்தி தாராளமாக உண்டு. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த வசந்தி ஸ்டான்லியின் பெயரே சாட்சி. கணிகையர் உலகத்தின் நிழல் இதற்குள் முழுதாக மறந்துபோயிருந்தது. வசந்தம் என்றால் மகிழ்ச்சி, செழிப்பு, ‘வாழ்வில் வசந்தம்’ என்ற பொருள் மட்டும் மிஞ்சியது.

4. நட்சத்திர எழுத்து. ரோகிணிக்கு உரிய எழுத்துகள் ஓ, வ, வி, வு. ஜாதகம் பார்த்துப் பெயர் வைக்கிறவர்கள் ‘வ’ தேடும்போது கைக்கு வருபவை வசந்தா, வனஜா, வள்ளி, வசுமதி என்று சிலவே. இது சின்னக் காரணம்தான், ஆனாலும் காரணம்.

இங்கே ஒரு கிளைக்கதையும் உண்டு. 1893-ல் இந்தியா வந்து அடையாறு பிரம்மஞான சபையின் தலைவரான அன்னி பெசன்ட்டின் குடும்பப் பெயரை, ஓசை ஒப்புமையால் இந்தியர்கள் ‘வசந்தா’ என்று ஆக்கிக்கொண்டார்கள். வாரணாசியில் 1913-ல் தொடங்கிய வசந்தா மகளிர் கல்லூரி, அடையாறு வசந்தா அச்சகம் இரண்டின் பெயரும் அவரைக் குறிப்பவை, பருவத்தை அல்ல. பெண் கல்வியோடு இந்தப் பெயர் ஒட்டிக்கொள்ள இதற்கும் சிறு பங்கு இருக்கலாம். கல்வித் துறையில் இந்தப் பெயர் பிற்காலத்திலும் ஒலித்தது: வே. வசந்தி தேவி 1992 முதல் 1998 வரை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார்.

## எத்தனை வசந்தாக்கள்? ஏன் எண் கிடைப்பதில்லை

அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புத் துறை, 1880 முதலான ஒவ்வோர் ஆண்டுக்கும் எந்தப் பெயர் எத்தனை குழந்தைகளுக்கு வைக்கப்பட்டது என்று பட்டியலிடுகிறது. நம்மிடம் அப்படி ஆண்டுவாரிப் பெயர்ப்பட்டியல் வெளியாகும் வழக்கம் இல்லை. ‘இந்தியாவில் இத்தனையாவது இடத்தில் உள்ள பெயர்’ என்று எங்காவது துல்லியமாகப் போட்டிருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

பதிவு முறையிலேயே ஒரு சிக்கலும் உண்டு. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஆனால் பெயர் இல்லாமலே பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணமின்றியும், அப்புறம் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டியும் பெயர் சேர்க்கலாம். பிறந்த ஆண்டுப் பதிவேட்டில் பெயர்க் கட்டம் காலியாக இருந்து, பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போது நிரப்பப்படுவதும் நடக்கிறது.

யாரும் செய்து பார்க்கக்கூடிய ஒரு மாற்றுவழி வாக்காளர் பட்டியல். அதில் பெயரும் வயதும் சேர்ந்தே இருக்கும். உங்கள் பாகத்தின் பட்டியலை எடுத்து, ‘அம்மாள்’ என்று முடியும் பெயர்கள், வசந்தா-கமலா வகை, வசந்தி-சாந்தி வகை, பிரியா-திவ்யா வகை என்று நான்காகப் பிரித்து, எதிரே உள்ள வயதைக் குறித்துக்கொண்டே வாருங்கள். வயது வரிசையில் அடுக்கினால் பெயர் வகைகள் அலை அலையாகப் பிரிவது கண்ணுக்குத் தெரியும். ஒரு தெருவின் பட்டியல் மாநிலத்தின் கதை ஆகாது. ஆனாலும் மூலம் சொல்லாத ‘தரவரிசை’யைவிட இது நம்பகமானது.

## ஏன் குறைந்தது, என்ன வந்தது?

புதுமைக்காக வைத்த பெயர், எல்லாரும் வைத்ததும் புதுமை இழக்கும். ஒரு வகுப்பில் மூன்று வசந்தி இருந்தால் அடுத்த தலைமுறை அந்தப் பெயரைத் தொடாது. 1980-களில் பிரியா, திவ்யா, ரம்யா வந்தார்கள். அதன்பின் ‘ஷ’, ‘ஹ’, ‘ஸ்ரீ’ கலந்த ஒலிகள். பருவப் பெயர்கள் மட்டும் முழுதாக மறையவில்லை. மழைக்கு வர்ஷா, கேரளத்தில் கோடைக்கு கிரீஷ்மா, பையன்களுக்கு ஹேமந்த், சரத். சிசிரத்தை அதிகம் பேர் சீண்டவில்லை. முதுவேனில் என்று பெயர் வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. வசந்தத்துக்கு உள்ள இடம் எவ்வளவு தனி என்பதை இதுவே காட்டும்.

இன்னொரு பக்கம், தனித்தமிழ் இயக்கம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊன்றிய விதை பெயர்களில் பலன் தந்தது. வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்ட மறைமலையடிகளின் வழியில், வசந்தாவுக்கு நேராக இளவேனில், தென்றல் போன்ற பெயர்கள் வந்தன. கடலூரில் 1999-ல் பிறந்து, 2019-ல் ரியோவில் உலகக் கோப்பைத் துப்பாக்கிச் சுடுதலில் தங்கம் வென்று, டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்ட இளவேனில் வாலறிவன் இந்தப் பெயரை நாடு முழுக்க உச்சரிக்க வைத்தார். பருவம் அதேதான், சொல் மாறியிருக்கிறது.

அப்படியானால் வசந்தா தமிழ்ப் பெயரா, இல்லையா? சொல் வடமொழி, இதில் வாதத்துக்கு இடமில்லை. தனித்தமிழ்ப் பெயர்தான் வேண்டும் என்பவர்கள் இளவேனிலுக்குப் போவது முழு நியாயம். ஆனால் சிலப்பதிகாரத்திலிருந்து தமிழில் புழங்கி, ‘ஆ’ முடிவைத் தமிழ்க் காதுக்கு ஏற்ப வாங்கி, தமிழ் வீடுகளில் இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்த பெயரை அந்நியம் என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

## இன்று இந்தப் பெயரை வைக்க நினைப்பவர்களுக்கு

பாட்டி பெயரைப் பேத்திக்கு வைக்கும் பழக்கம் நம்மிடம் இருப்பதால், வசந்தா திரும்ப வர வாய்ப்பு உண்டு. அப்படி நினைப்பவர்கள் சில விஷயங்களைக் கவனிப்பது நல்லது.

- எந்த வடிவம் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். வசந்தி, வாசந்தி இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே மாதிரி எழுதப்பட்டுவிடும். நெடில் வேண்டுமென்றால் முதல் ‘ஏ’ எழுத்தை இரட்டித்து எழுதுவது வழக்கம்.

- ‘த’வின் எழுத்துக்கூட்டல். தமிழ்நாட்டில் ‘டி’க்குப் பின் ‘ஹெச்’ சேர்ப்போம். வடஇந்தியாவில் சேர்க்கமாட்டார்கள், சேர்த்தால் வேறு ஒலியாகப் படிப்பார்கள். எதை எழுதினாலும் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவு, கடவுச்சீட்டு எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்க வேண்டும். பின்னாளில் ஒரு ‘ஹெச்’சுக்காகப் பிரமாண வாக்குமூலம் கொடுத்து அலைகிறவர்கள் உண்டு.

- இலங்கையில் இது ஆண் பெயராகவும் படிக்கப்படும். சிங்களத்தில் வசந்த என்பது ஆண்களின் பெயர். ஆங்கிலத்தில் எழுதினால் நம் வசந்தாவும் அவர்கள் வசந்தவும் ஒன்றுபோலவே இருக்கும். அங்கே உறவோ வேலையோ உள்ளவர்களுக்கு வசந்தி குழப்பம் தராது.

- பெயர் முடிவாகவில்லை என்றால் அவசரப்பட்டுப் பதிய வேண்டாம். பிறப்பை மட்டும் 21 நாளுக்குள் பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணமும் இல்லை, திருத்தம் கேட்டு மனுப்போடும் வேலையும் இல்லை.